ஏற்காடு ஏறும் முன் பிரேக் பேடைப் பாருங்கள்

காரின் முன்சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடுதான் டிஸ்க்; அதை இருபுறமும் அழுத்தி காரை நிறுத்துவது பிரேக் பேட். சக்கரத்தைக் கழற்றாமலே முன் பிரேக் பேடின் தடிமனைப் பார்த்துவிடலாம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, வெளியே துருத்தும் சக்கரத்தின் உட்புறம் செல்போன் டார்ச்சை அடியுங்கள். டிஸ்க்கை ஒட்டி, உலோகத் தகட்டின்மேல் கருஞ்சாம்பல் நிறப் பட்டை தெரியும். அது 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் முதலில் மாற்றுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் சேலத்துக்கு இறங்கும்போது மெல்லிய பேட் சூட்டைத் தடுக்காமல் பிரேக் ஆயிலுக்குக் கடத்திவிடும். உட்புற பேடைக் கட்டாயம் பாருங்கள். பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பிடியான காலிப்பர் சரியாக நகராமல் இறுகினால் பெரும்பாலும் அதுதான் முதலில் தேயும், வெளிப்பக்க பேடோ தேயாதது போலவே தோன்றும்.

பெரும்பாலான சிறிய கார்களில் பின்சக்கரத்துக்கு, மூடிய உருளைக்குள் இருக்கும் டிரம் பிரேக்தான். அங்கே இந்த வழி உதவாது. மெக்கானிக் டிரம்மைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.