இங்கிலாந்தில் ‘உங்கள் மொபைல் கம்பெனி பேசுகிறோம்’ என்று போன் வந்தால்

   

ஊரில் “கேஒய்சி காலாவதியாகிவிட்டது, சிம் கட் ஆகும்” என்று இந்தியில் யாராவது ஆரம்பித்தாலே வைத்துவிடுவோம். இங்கே மொபைல் கம்பெனி போலப் பேசும் மோசடிக்காரர்கள் மிரட்டமாட்டார்கள். உங்கள் பெயரைச் சொல்லி, அவ்வளவு மரியாதையாக, மாத பில்லில் தள்ளுபடி என்பார்கள். திரையில் கம்பெனி நம்பரே தெரிந்தாலும் நம்பாதீர்கள், அதைப் போலியாகக் காட்ட முடியும். “இப்போது ஒரு ஓடிபி வரும், வாசியுங்கள்” என்பார்கள். அந்த எஸ்எம்எஸ் உண்மையிலேயே கம்பெனி அனுப்புவதுதான். ஏனென்றால் அதே நேரத்தில் உங்கள் கணக்குக்குள் நுழைய முயன்றுகொண்டிருப்பதே அவர்கள்தான்.

லண்டனில் ஈஸ்ட் ஹாமில் என்னோடு வீடு பகிர்ந்திருந்த நண்பன் கேர் ஹோமில் நைட் ஷிப்ட் பார்ப்பவன். பகல் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டார்கள், ஓடிபியைச் சொல்லிவிட்டான். அவன் பெயரில் விலை உயர்ந்த போன் ஒன்றைக் கான்ட்ராக்டில் ஆர்டர் செய்துவிட்டார்கள். பார்சல் அவன் வீட்டுக்கே வந்தது. உடனே அதே குரல்: “தவறுதலாக அனுப்பிவிட்டோம், மன்னியுங்கள். இந்த முகவரிக்குத் திருப்பி அனுப்பினால் தள்ளுபடி தொடங்கிவிடும்.” அடுத்தவர் பொருள் நமக்கெதற்கு என்று போஸ்ட் ஆபீஸில் வரிசையில் நின்று அனுப்பினான். போன் திருடனுக்குப் போனது, மாதத் தவணை இவனுக்கு வந்தது. கம்பெனியோ “ஓடிபியைக் கொடுத்ததும் நீங்கள், போனை அனுப்பியதும் நீங்கள்” என்றது. அவனுடைய நேர்மையை வைத்தே அவனைக் கொள்ளையடித்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே அப்படிப் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுங்கள். வெள்ளைக்காரக் குரலை வெட்டிப் பேசக் கூச்சப்படாதீர்கள். பிறகு பில்லில் உள்ள நம்பருக்கு நீங்களே பேசிக் கேளுங்கள். ஓடிபியைச் சொல்லிவிட்டிருந்தால் உடனே பாஸ்வேர்டை மாற்றி, ஆர்டரை நிறுத்தச் சொல்லுங்கள். வங்கி விவரமும் போயிருந்தால் 159-ஐ அழைத்தால் பெரும்பாலும் உங்கள் வங்கிக்கே இணைப்பார்கள். ‘Call’ என்று ஆங்கிலத்தில் எழுதி, அழைப்பு வந்த நம்பரையும் சேர்த்து, மோசடி அழைப்புகளைப் புகார் செய்வதற்கான 7726-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், இலவசம். பணம் போயிருந்தால் மோசடிப் புகார்களுக்கான 0300 123 2040-இல் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் போலீஸின் 101-க்குப் பேச வேண்டும்.

ஆர்டர் செய்யாத போன் வீட்டுக்கு வந்தால் பிரிக்காமல் வையுங்கள். போனில் சொன்ன முகவரிக்கும் அனுப்பாதீர்கள், வாசலில் வந்து நிற்கும் கூரியர்காரரிடமும் கொடுக்காதீர்கள். கம்பெனிக்கு நீங்களே பேசி, அவர்கள் சொல்லும் முறையில் மட்டும் திருப்புங்கள். பகலில் வீட்டில் இருக்கும் மனைவியிடமும், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவிடமும், அறைத்தோழர்களிடமும் இதை இன்றைக்கே சொல்லி வையுங்கள். பார்சலை வாங்கப்போவது அவர்கள்தான்.