வெளிநாட்டு ஊழியரை வேலைக்கு எடுக்கிறீர்களா? முதலில் வீட்டைப் பாருங்கள்

மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனி நடத்துபவர்கள் வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணரை வேலைக்கு எடுத்தால், பிசினஸ் விசாவில் வரவழைத்து வேலையைத் தொடங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சம்பளத்துக்கு வேலை என்றால் எம்ப்ளாய்மென்ட் விசாதான். ஆண்டுச் சம்பளம் பொதுவாக 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். தங்கள் நாட்டுச் சமையலைச் செய்பவர், ஆங்கிலம் தவிர்த்த மொழி ஆசிரியர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. விண்ணப்பம் பொதுவாக அவர் நாட்டில் உள்ள இந்தியத் தூதரகம் வழியாகத்தான்.

சரி, விசா கிடைத்து ஆள் வந்துவிட்டார். பலரும் திணறுவது இதற்கு அப்புறம்தான். விசா 180 நாளுக்கு மேல் என்றால், வந்த 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ.-வில் (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) பதிவு செய்ய வேண்டும். ஆன்லைனிலேயே செய்யலாம், ஆனால் முகவரிச் சான்று கட்டாயம்.

நான் மாட்டிக்கொண்டது அங்கேதான். எங்கள் வெளிநாட்டு ஊழியருக்குத் திருவொற்றியூரில் பிடித்த வீட்டின் கரன்ட் பில், காலமாகிவிட்ட தாத்தா பெயரில் இருந்தது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் பேரன். இரண்டையும் பொருத்திக் காட்டுவதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. புது ஊரில் அந்த வெளிநாட்டுப் பையன் முகம் வாடி உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அதனால் டிக்கெட் போடும் முன்பே வீட்டைப் பிடியுங்கள். கரன்ட் பில்லையும் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர், கதவு எண் (பழைய எண், புதிய எண் இரண்டும்) ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வெளிநாட்டவர் தங்க வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. அதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லி, நீங்களே கூட உட்கார்ந்து செய்து கொடுங்கள்.