நிழலில் நிற்கும் ஆர்.வி.க்கு எந்த சோலார் பேனல்? மல்டிமீட்டரை நம்பி ஏமாந்தவனின் செய்முறை

வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் ஹோ மழைக்காடு என்று ஓர் இடம். பாசி தொங்கும் ஸ்புரூஸ் மரங்கள் வானத்தை மறைத்து நிற்கும். முகாமில் கரன்ட் இணைப்பு கிடையாது. போன வருடம் அங்கே இரண்டாம் நாள் காலையே எங்கள் ஆர்.வி.யின், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு டிரெய்லரின், ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. கூரையில் 100 வாட் பேனல் இரண்டு இருக்கின்றன. மல்டிமீட்டரை எடுத்து பேனல் வயரில் வைத்தேன். 20 வோல்ட் காட்டியது.

"பேனல் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"அப்புறம் பால் ஏன் திரிஞ்சு போச்சு?" என்றாள் மனைவி.

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இதை எழுதுகிறேன். பேனலைக் கூரையில் திருகுவது, ஓட்டையை சீலன்ட் போட்டு அடைப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்த நிழல் என்று பாருங்கள்

அடர்ந்த காட்டுக்குள் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மங்கலாக இருக்கும். அங்கே எந்த பேனலும் உங்களைக் காப்பாற்றாது. என் 200 வாட் அங்கே நாள் முழுக்கக் கொடுத்தது 120 வாட்-மணி. எங்கள் செலவு 600. காசைக் கொட்டி விலை உயர்ந்த பேனல் வாங்கினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

இன்னொன்று, வெயிலுக்கு நடுவே விழும் கூர்மையான நிழல். கூரை ஏசி, காற்றுப்போக்கி மூடி, ஆன்டெனா, ஒற்றைக் கிளை. இதைச் சமாளிக்கலாம். சியாட்டில் பக்கம் ஜூன் நண்பகலில் சூரியன் 66 பாகை உயரத்தில் இருக்கும். டிசம்பரில் 19 பாகைதான். 30 செ.மீ. உயர ஏசியின் நிழல் ஜூனில் 13 செ.மீ., டிசம்பரில் 87 செ.மீ. நான் ஜூனில் அளந்து ஏசியை ஒட்டித் திருகினேன். நீங்கள் முதலில் பேனல் அளவுக்கு அட்டையை வெட்டி கூரையில் வைத்துப் பாருங்கள்.

படி 2: சரியாக அளப்பது (நான் விழுந்த குழி)

சாதாரண 100 வாட் பேனலில் 36 செல்கள் (வெளிச்சத்தை மின்சாரமாக்கும் சிறு கட்டங்கள்) வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் 18 செல்லுக்கு ஒன்றாக இரண்டு பைபாஸ் டையோடுகள் (முடங்கிய செல்களைத் தவிர்த்து மின்னோட்டம் போகும் மாற்றுப் பாதை) இருக்கும். ஒரே ஒரு செல்லில் நிழல் விழுந்தாலும் அந்த 18 செல்லும் முடங்கும். தண்ணீர்க் குழாயை ஓர் இடத்தில் மிதித்தால் போதுமே, அதுபோல. மின்னோட்டம் டையோடு வழியாகச் சுற்றிப் போய்விடும்.

இப்போது மல்டிமீட்டரை வையுங்கள். எதையும் இணைக்காமல் வோல்ட் அளந்தால் கிட்டத்தட்ட முழு அளவு காட்டும், ஏனென்றால் மங்கிய செல்லிலும் வோல்ட் பெரிதாகக் குறையாது. சரி, பேனலின் இரு வயரையும் மீட்டர் வழியாக நேராக இணைத்து (ஷார்ட் செய்து) ஆம்பியர் அளக்கலாம் என்று நினைத்தேன். அதுவும் 5 ஆம்பியருக்கு மேல் காட்டியது! நிழல் இல்லாத பாதி முழு மின்னோட்டத்தைத் தர, மீதியை டையோடு கடத்திவிடுகிறது. ஆனால் அந்தப் பாதி தரும் வோல்ட் சுமார் 9. பேட்டரியோ 13-இல் நிற்கிறது. உள்ளே போவது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

ஆகவே பேட்டரியோடு இணைத்து, சார்ஜ் ஆகும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். வயரைக் கவ்வி டிசி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் போதும். அதைவிட, ப்ளூடூத் உள்ள விக்ட்ரான் நிறுவனக் கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி) வாங்குங்கள். 30 நாள் வரவு போனிலேயே தெரியும். விலை அதிகம்தான், இதில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்க்க மாட்டேன்.

படி 3: சீரிஸா, பேரலலா?

பேனல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் சீரிஸ், வோல்ட் கூடும். பக்கம் பக்கமாக இணைத்தால் பேரலல், ஆம்பியர் கூடும். "நிழல் என்றால் பேரலல்" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பினேன். பிறகு நல்ல வெயிலில் நிறுத்தி, ஒரு செல்லை மட்டும் அட்டையால் மூடிப் பார்த்தேன். மூடாதபோது வந்தது 160 வாட். மூடியபின் பேரலலில் 85, சீரிஸில் 115.

காரணம் எளிது. பேரலலில் பாதி செத்த பேனலால் பேட்டரி வோல்ட்டை எட்ட முடியாது, முழு பேனலும் வீண். சீரிஸில் நான்கு பாதிகளில் ஒன்றுதான் போகிறது. மற்ற மூன்றும் சேர்ந்து 27 வோல்ட் தருகின்றன. ஆனால் கூடுதல் வோல்ட்டைக் குறைத்து ஆம்பியராக மாற்றித் தரும் எம்பிபிடி வகைக் கன்ட்ரோலர் இருந்தால்தான் இது நடக்கும். பிடபிள்யூஎம் வகைக் கன்ட்ரோலர் பேனலை பேட்டரி வோல்ட்டுக்கே இழுத்துவிடும். சீரிஸ் போட்டும் பயனில்லை.

படி 4: பேனல் வகை

வளையும் பேனல் வேண்டாம். கூரையோடு ஒட்டிக் கிடப்பதால் அடியில் காற்றோட்டம் இல்லாமல் சூடேறும். என்னுடையது சீக்கிரமே பழுதானது. கூரையில் இடமிருந்தால், வீடுகளுக்குப் போடும் 400 வாட் ஹாஃப்-கட் (செல்களைப் பாதியாக வெட்டிக் கோத்த) பேனலை வாங்கிவிடுவேன். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் தனித்தனியாக இயங்கும், மூன்று டையோடு இருக்கும், ஒரு வாட்டுக்கு விலையும் குறைவு. 20 கிலோ தாண்டும், தனியாகத் தூக்காதீர்கள்.

படி 5: தரையில் ஒரு பேனல்

வண்டி நிழலில், பேனல் வெயிலில். கோடையில் நமக்கும் இதுதான் சுகம். 10 மீட்டர் தூரத்துக்கு 10 கேஜ் தடிமன் வயர் போட்டேன். 6 ஆம்பியருக்கு இழப்பு 0.4 வோல்ட்தான். மடக்குப் பேனலின் முதுகிலேயே கன்ட்ரோலர் வந்தால் அதைத் தவிர்த்து பேனல் வயரை நேராக எடுத்து, பேட்டரி பக்கத்தில் தனிக் கன்ட்ரோலர் வையுங்கள். தூரத்தில் இருக்கும் கன்ட்ரோலர் பேட்டரி நிறைந்துவிட்டதாக நினைத்து முன்பே பின்வாங்கும்.

பின்சேர்க்கை: படித்த ஒருவர் நான்கு பேனலை சீரிஸாக 100/30 கன்ட்ரோலரில் போடலாமா என்று கேட்டார். 100 என்பது தாங்கும் வோல்ட். 22 வோல்ட் பேனல் நான்கு என்றால் 88. ஆனால் குளிரில் வோல்ட் ஏறும், பாகைக்கு ஏறத்தாழ 0.3 சதவீதம். மைனஸ் 10 செல்சியஸில் 97. எனக்குத் தைரியம் வராது. இரண்டிரண்டாக சீரிஸ் போட்டு, அந்த இரு ஜோடிகளைப் பேரலலில் சேருங்கள்.

இன்னொன்று: "அப்போ ஹோ காட்டில் என்னதான் செய்வது?" என்றும் கேட்டார்கள். இழுக்கும் வண்டியிலிருந்து தடித்த வயர் இழுத்து 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (ஓடும் வண்டியின் மின்சாரத்தால் டிரெய்லர் பேட்டரியை நிரப்பும் கருவி) போட்டேன். ஒரு மணிநேரம் ஓட்டினால் 350 வாட்-மணிக்கு மேல் வருகிறது. காட்டில் பேனல்கள் மூன்று நாளில் தந்ததற்குச் சமம். இந்த ஜூலையில் பால் திரியவில்லை.