பழைய சேஃப்டி ரேசரைப் பளபளப்பாக்கப் போய்ப் பாழாக்கிவிடாதீர்கள்

பிளேடை மட்டும் மாற்றிப் போடும் பழைய உலோக ரேசர் ஒன்று கையில் கிடைத்ததும் பலரும் முதலில் தேடுவது உலோகம் துலக்கும் பாலிஷைத்தான். தயவுசெய்து வேண்டாம். அறுபது எழுபது ஆண்டு தாக்குப்பிடித்த பொருளைக் கெடுக்கப் பத்து நிமிடத் தேய்ப்பு போதும். பழைய ஜில்லெட் ரேசர்களில் பெரும்பாலானவை பித்தளையில் செய்து, மேலே மெல்லிசாக நிக்கல் முலாமோ தங்க முலாமோ பூசியவை. தேய்க்கத் தேய்க்க மஞ்சளாக மினுங்கினால், அது முலாம் போய் எட்டிப் பார்க்கும் பித்தளை. போன முலாம் திரும்ப வராது. மறுபடி முலாம் பூசலாம், ஆனால் சேகரிப்பவர்கள் அதை அசலாக மதிப்பதில்லை.

கிருமி போகட்டும் என்று கொதிக்கவைப்பதும் அதே அளவு கெடுதல். தங்க முலாம் பூசிய பல ரேசர்களுக்கு மேலே லாக்கர் என்னும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சும் உண்டு. கொதிநீரில் அது செதில் செதிலாக உரியும். பிளீச், வினிகர் பக்கமும் போக வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய டூத்பிரஷ், இவை போதும். அரை மணி நேரம் ஊறவிட்டால், எப்போதோ யாரோ பூசிய சோப்பு ரேசர் தலையின் சீப்புப் பற்களின் இடுக்கிலிருந்து வெள்ளையாகக் கரைந்து வரும். அடிக்குமிழைத் திருகினால் தலை கதவு போலத் திறக்கும் வகை இறுகிக் கிடந்தால் குறடு எடுக்காதீர்கள். பெரும்பாலும் காய்ந்த சோப்புதான் காரணம். மறுபடி ஊறவைத்து, ஒரு சொட்டு மினரல் எண்ணெய் விட்டு, கையாலேயே திருகுங்கள். அப்புறம் 70 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தால் கிருமிக்கவலை தீர்ந்தது. லாக்கர் பூச்சிலும் பேக்கலைட் என்னும் பழைய வகை பிளாஸ்டிக் கைப்பிடியிலும் மட்டும் ஆல்கஹால் படக்கூடாது.

இன்னொரு தவறு வாங்கும்போதே நடக்கிறது. தலையிலோ கைப்பிடியிலோ "1904 நவம்பர் 15" என்ற தேதியைப் பார்த்ததும் நூறாண்டு தாண்டிய புதையல் என்று விலையை ஏற்றிவிடுகிறார்கள். அது ஜில்லெட் நிறுவனத்தைத் தொடங்கிய கிங் கேம்ப் ஜில்லெட்டின் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்ட நாள். பிறகு பல ஆண்டுகள் செய்த ரேசர்களிலும் அதே தேதியைத்தான் பொறித்தார்கள். பிற்கால அமெரிக்கத் தயாரிப்புகளில் தலையின் அடியில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். எழுத்து ஆண்டு, எண் காலாண்டு. 1955க்கு ஏ, 1960க்கு எஃப். அதை வைத்துக் கணக்கிடுங்கள்.

சிங்கப்பூரின் பழைய பொருள் சந்தையான சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டபின் நேரில் புரட்டிப் பார்த்து வாங்கும் வாய்ப்பு குறைந்துவிட்டது. இணையத்தில் வாங்கினால் முன்பக்கப் படத்தோடு திருப்தியாகிவிடாதீர்கள். சீப்பு போன்ற பற்களை நெருக்கத்தில் எடுத்த படம் கேளுங்கள். கீழே விழுந்து ஒரு பல் வளைந்திருந்தாலும் பிளேடு சீராக உட்காராது, முகத்தை வெட்டும். கைப்பிடிக் குழாயில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஷிக் இன்ஜெக்டர், ஜெம், ரோல்ஸ் போன்ற வேறு நிறுவன ரேசர்களுக்கு பிளேடே வேறு. முஸ்தபா கடையில் வாங்கும் இருபக்கக் கூர் பிளேடு அவற்றில் பொருந்தாது.

சவரம் செய்யும்போது அழுத்தவே கூடாது. கார்ட்ரிட்ஜ் ரேசர் பழகிய கை தானாக அழுத்தும். இதிலோ ரேசரின் எடையே வேலையைச் செய்துவிடும். கன்னத்தோடு சுமார் 30 பாகைச் சாய்வில் பிடித்து, முடி வளரும் திசையிலேயே சிறு சிறு இழுப்பாக இழுங்கள். பிளேடு எவ்வளவு வெளியே தெரிய வேண்டும் என்பதை 1 முதல் 9 வரை எண்ணால் மாற்றும் வகை என்றால் 2, 3 என்று தொடங்குங்கள். ஃபெதர் நிறுவன பிளேடு மிகவும் கூர், கை பழகும்வரை அது வேண்டாம்.

சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டைத் தாண்டும். ஈரம் காயாமல் அசல் பெட்டிக்குள் மூடிவைத்தால் உள்ளே இருக்கும் வெல்வெட் துணி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு முலாமில் புள்ளி போடும். பிளேடைக் கழற்றி, துடைத்து, நன்றாக உலரவிட்டு வையுங்கள். கேமராவுக்கு உலர்பெட்டி வைத்திருந்தால் இதுவும் அங்கேயே இருக்கட்டும். பயணம் போனால் பிளேடு கைப்பையில் வேண்டாம், சாங்கி விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

பழைய பிளேடை அப்படியே குப்பைத் தொட்டியில் போடுவதும் தவறு. துப்புரவு ஊழியரின் கையைக் கிழித்துவிடும். காலி மைலோ டின்னில் சேர்த்து, நிறைந்ததும் மூடியை டேப் சுற்றி ஒட்டிப் போடுங்கள்.