கீபோர்டு போன்ல இருந்து டச் போனுக்கு மாறுறீங்களா? முதல்ல விரலைத் தூக்கப் பழகுங்க

பத்து வருஷம் என் கையில இருந்தது பிளாக்பெர்ரி போல்டு 9900. 2022 ஜனவரி 4ஆம் தேதியோட பழைய பிளாக்பெர்ரி ஓஎஸ், பிளாக்பெர்ரி 10 ரெண்டுக்கும் சர்வீஸை நிறுத்திட்டாங்க, இனிமே கால், எஸ்எம்எஸ் கூட ஒழுங்கா வேலை செய்யும்னு சொல்ல முடியாதுன்னு கம்பெனியே அறிவிச்சதால ஆண்ட்ராய்டு டச் போனுக்கு மாறிட்டேன். மாறின முதல் மூணு வாரம் ஒரு மெயில் அடிச்சு முடிக்கவே அவ்ளோ கஷ்டமா இருந்துச்சு. எது எதுல மாட்டினேன், எப்படி சரியாச்சுன்னு வரிசையா எழுதுறேன். நோக்கியா ஈ71 மாதிரி போன் வெச்சிருந்தவங்களுக்கும் முக்கால்வாசி இதேதான்.

படி 1: கான்டாக்ட்ஸ்

சிம்ல காப்பி பண்ணிக்கலாம்னு யோசிக்காதீங்க. நான் அப்படித்தான் பண்ணேன். சிம்ல பொதுவா 250 பேர் கிட்டதான் கொள்ளும், பேரும் பாதியில வெட்டிடும், அதுலயும் தமிழ்ல சேவ் பண்ண பேருன்னா ஒவ்வொரு எழுத்துக்கும் ரெண்டு மடங்கு இடம் போறதால இன்னும் சீக்கிரமே வெட்டுப்படும், மெயில் ஐடி எல்லாம் சுத்தமா போயிடும். அதனால பழைய போன்ல இருந்து புளூடூத் வழியாவோ கம்ப்யூட்டர் வழியாவோ விசிஎஃப் ஃபைலா (எல்லா கான்டாக்ட்ஸையும் ஒண்ணா அடக்குற ஃபைல்) எடுத்து, அதை கூகுள் கான்டாக்ட்ஸ்ல இம்போர்ட் பண்ணுங்க. இம்போர்ட் பண்ணதும் அன்னிக்கு தேதி போட்டு ஒரு லேபிள் தானா வரும். தமிழ்ப் பேரெல்லாம் கட்டம் கட்டமா வந்துட்டா அந்த லேபிளைத் திறந்து அத்தனையும் செலக்ட் பண்ணி அழிச்சுட்டு, எக்ஸ்போர்ட்ல யுடிஎஃப்-8ங்கற முறையை (தமிழ் எழுத்தும் சரியா வர்றது) செலக்ட் பண்ணி திரும்ப ஏத்தலாம், ஏற்கனவே இருந்த நம்பர்களுக்கு ஒண்ணும் ஆகாது.

படி 2: சிம்

பழைய சிம்மை கத்தரிச்சு நானோ ஆக்காதீங்க. பழைய சிம் 0.76 மில்லிமீட்டர் கனம், நானோ 0.67 தான். வெட்டினா அகலம் சரியா வரும், கனம் குறையாது, ட்ரேல மாட்டிக்கும். புது நானோ சிம் கேட்டு வாங்கிடுங்க. கான்டாக்ட்ஸ் எல்லாம் பத்திரமா வந்துடுச்சான்னு பாத்துட்டு அப்புறமா சிம்மை மாத்துங்க.

படி 3: விரல்

இந்தப் பதிவை எழுதுறதே இதுக்காகத்தான். டச் போன்ல டைப் பண்ண முடியலன்னு சொல்றவங்க எல்லாரும் எழுத்து சின்னதா இருக்கு, விரல் பெருசா இருக்குன்னுதான் சொல்வாங்க, நானும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். ஆனா போல்டுல இருந்த பட்டன் இதைவிடச் சின்னது!

நம்ம பழக்கத்தை கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. கீபோர்டு போன்ல ரெண்டு கட்டை விரலும் எப்பவும் பட்டன் மேலயே உக்காந்திருக்கும். அடுத்த வார்த்தை என்னன்னு யோசிக்கும்போதும் அங்கேயேதான் இருக்கும், தொடுறது வேற அழுத்துறது வேறங்கறதால ஒண்ணும் ஆகாது. கண்ணாடியில தொட்டாலே அழுத்தின கணக்கு. விரலை வெச்சுக்கிட்டே யோசிச்சா ஒண்ணு வேண்டாத எழுத்து விழும், இல்லன்னா லாங் ப்ரெஸ் ஆகி நம்பரும் குறியும் வரும், லேசா நகர்ந்துட்டா க்ளைடு டைப்பிங்னு (விரலைத் தூக்காம எழுத்து எழுத்தா இழுத்தே அடிக்கிறது) நினைச்சு சம்பந்தமே இல்லாத ஒரு வார்த்தையைப் போட்டுடும். நான் இதை எல்லாம் போன் கோளாறுன்னு நினைச்சு ரெண்டு தடவை ரீசெட் கூட பண்ணிட்டேன்.

இதுக்கு நான் பண்ணது:

என் போன்ல இருக்கிறது ஜிபோர்டுங்கற கூகுள் கீபோர்டு, அதோட செட்டிங்ஸ்ல க்ளைடு டைப்பிங்கை ஆஃப் பண்ணேன். அதே பக்கத்துல இருக்கிற ஜெஸ்சர் கர்சர், ஜெஸ்சர் டெலீட் ரெண்டையும் ஆன்லயே விடுங்க, ஏன்னு கீழ சொல்றேன். அப்புறம் ப்ரெஃபரன்சஸ்ல கீ லாங் ப்ரெஸ் டிலேன்னு ஒண்ணு இருக்கும், அதை 500 மில்லிசெகண்டுக்குக் கூட்டினேன். தொட்டா லேசா அதிர்ற மாதிரி ஹாப்டிக் ஃபீட்பேக் ஆன், கீபோர்டு உயரத்தை ஒரு படி கூட்டினேன், நம்பர் ரோ ஆன். அடிச்ச உடனே விரலைத் தூக்குறது மட்டும் எந்த செட்டிங்கும் செய்யாது, நாமதான் பழகணும். எனக்கு பத்து நாள் ஆச்சு.

இன்னொண்ணு, எழுத்துக்கு எழுத்து நின்னு சரி பாக்காதீங்க. பக்கத்து எழுத்துல விரல் பட்டிருந்தாலும் முழு வார்த்தையையும் வெச்சு இதுதான்னு கணிக்கிற மாதிரிதான் இந்த கீபோர்டை செஞ்சிருக்காங்க. வார்த்தையை முடிச்சு ஸ்பேஸ் தட்டிட்டு அப்புறம் பாருங்க.

படி 4: ஆட்டோ கரெக்ஷன்

மேல சொன்ன கணிப்பு இங்கிலீஷுக்கு நல்லா வேலை செய்யும். தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிற நமக்கு அதுவே தலைவலி, 'வாங்க'ன்னு அடிச்சா வேற எதையோ போட்டு அனுப்பிடும். ஆட்டோ கரெக்ஷனை மட்டும் ஆஃப் பண்ணிட்டு மேல வர்ற சஜஷன் வரிசையை வெச்சுக்கோங்க. அதைவிட நல்ல வழி, லாங்குவேஜஸ்ல தமிழ் சேர்த்து இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழா மாறுற லேஅவுட்டை எடுத்துக்கிறது. தமிழ்99ங்கற தமிழ் கீபோர்டு லேஅவுட் கை பழகினவங்களுக்கு என் ஓட்டு செல்லினம்ங்கற தமிழ் கீபோர்டு ஆப்புக்குத்தான். ஐபோன்ல தனியா எதுவும் இறக்க வேண்டாம், தமிழ்99, அஞ்சல் (இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழா மாறுறது) ரெண்டும் உள்ளேயே இருக்கு.

படி 5: ட்ராக்பேட் எங்க போச்சு?

போல்டுல கர்சரை நகர்த்த இருந்த ட்ராக்பேட் இதுல இல்ல. ஒரு எழுத்தைத் திருத்த வாக்கியத்து நடுவுல விரலால குத்திக் குத்திப் பாத்து நொந்து போயிருப்பீங்க. ஜிபோர்டுல ஸ்பேஸ் பார் மேல விரலை வெச்சு இடமோ வலமோ இழுங்க, கர்சர் கூடவே நகரும். ஐபோன்ல ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடிச்சா கீபோர்டு முழுக்க ட்ராக்பேட் ஆயிடும். ஜிபோர்டுல டெலீட் பட்டன்ல இருந்து இடது பக்கம் இழுத்தா வார்த்தை வார்த்தையா அழியும். இது ரெண்டும் தெரிஞ்ச அன்னிக்குத்தான் பழைய போனை எடுத்து டிராயர்ல வெச்சேன்.

பழைய போன்ல ஆட்டோடெக்ஸ்ட்னு வெச்சிருந்த சுருக்கங்களை (ரெண்டு மூணு எழுத்து அடிச்சா முழு வாக்கியம் வர்றது) விட மனசு வராது, எனக்கும் வரல. ஜிபோர்டு டிக்ஷனரில பர்சனல் டிக்ஷனரின்னு இருக்கும், முழு வாக்கியத்தையும் அதுக்கு ஒரு சுருக்கத்தையும் போட்டு வைக்கலாம். சுருக்கத்தை அடிச்சா முழு வாக்கியம் சஜஷன்ல வரும், அதைத் தட்டணும், தானா விரியாது. ஐபோன்ல டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட், அது ஸ்பேஸ் தட்டினதும் தானா விரியும். நான் நாப்பது சுருக்கத்தையும் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து கையாலயே ஏத்தினேன்.

பின்சேர்க்கை: நகம் வளர்க்கிற ஒரு அக்கா, பழைய போன்ல நகத்தாலயே வேகமா அடிப்பேன், இதுல ஒண்ணுமே விழலயேன்னு கேட்டிருந்தாங்க. இந்தத் திரை விரல் தோலோட மின்தன்மையை வெச்சுத்தான் தொடுறதைக் கண்டுபிடிக்குது, நகத்துக்கு அது கிடையாது. போனைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சு விரலோட சதைப்பகுதி படுற மாதிரி அடிச்சுப் பாருங்க அக்கா, இல்லன்னா கெபாசிட்டிவ் ஸ்டைலஸ் (டச் திரையில வேலை செய்யுற பேனா) ஒண்ணு வாங்கிக்கோங்க. கனமான ஸ்க்ரீன் கார்டு ஒட்டியிருந்தா அதையும் கழட்டிட்டு ஒரு தடவை அடிச்சுப் பாருங்க, சில போன்ல டச் சென்சிட்டிவிட்டின்னு செட்டிங்கே இருக்கும், அதை ஆன் பண்ணா கார்டு இருந்தாலும் விழும்.