கடனால் வேலை போகாமலிருக்க: அரசு, வங்கி ஊழியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததுமே கடன் கொடுக்க ஆட்கள் தேடி வந்துவிடுவார்கள். அரசுச் சம்பளம் என்றால் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டுகூடக் கொடுப்பார்கள். சில வருடம் கழித்து அதே ஊழியர் சார்ஜ் மெமோவோடு (துறை தரும் குற்றச்சாட்டுக் கடிதம்) வந்து நிற்கும்போது விசாரித்தால், முன்பு மூத்தவர்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் இவரும் சறுக்கியிருப்பார். வரவுக்குள் செலவு செய், கிரெடிட் கார்டைக் குறை என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது, அதை விட்டுவிடலாம். கடன் கழுத்து வரை வந்தாயிற்று, வேலையை எப்படிக் காப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

கோர்ட் பேப்பரை பீரோவில் வைத்துப் பூட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் மாறாத தவறு இது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது, ஏனென்றால் இதில் போன வேலைகளில் பெரும்பாலானவை போயிருக்கவே வேண்டாம்.

மத்திய அரசு ஊழியருக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 17-ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். கடனே வாங்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. ஓயாத கடனிலும் நொடிப்பிலும் (திவால்) விழாதபடி சொந்த விவகாரங்களை நடத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. கடன் வசூலுக்கோ நொடிப்பு அறிவிப்புக்கோ யாராவது வழக்குப் போட்டால், முழு விவரத்தையும் உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதன் கீழேயே ஒரு குறிப்பு இருக்கிறது: இந்தக் கடன் முன்கூட்டிக் கணிக்க முடியாத, தன் கையை மீறிய சூழலால் வந்தது, ஊதாரித்தனத்தால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு ஊழியருடையது. தமிழக அரசு ஊழியருக்கு 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இருக்கின்றன. கடன் விஷயத்தில் அவையும் கண்டிப்பானவைதான்.

நடப்பது வேறு. புரோநோட்டு (கடன் உறுதிச்சீட்டு) வழக்கில் சம்மன் வருகிறது. வெட்கம். தபால்காரரிடம் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புகிறார். மறுத்தாலும் சம்மன் சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். 30 நாளில் எதிர்வழக்குரை போட வேண்டும். அதிகபட்சம் 90 நாள். போடாவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே வரும் தீர்ப்பு. வாங்கியது ஒரு லட்சம், நோட்டில் எழுதியிருப்பது மூன்று லட்சம் என்றாலும் மூன்று லட்சத்துக்கே டிகிரி (கட்டச் சொல்லும் தீர்ப்பாணை) ஆகிவிடும். அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள் உண்டு, அதையும் விடுகிறார். அடுத்து சம்பளப் பிடித்த உத்தரவு நேராகச் சம்பளம் வழங்கும் அலுவலருக்குப் போகிறது. அலுவலகத்துக்கு விஷயம் முதன்முதலில் தெரிவது அன்றைக்குத்தான், அதுவும் நீதிமன்றத்தின் வாயால். கடன் ஏன் வந்தது என்று அப்போது எவ்வளவு விளக்கினாலும் எடுபடாது. ‘தெரிவிக்கவில்லை’ என்பது தனிக் குற்றச்சாட்டாக மெமோவில் ஏறியிருக்கும்.

செய்ய வேண்டியது இரண்டு பக்கக் கடிதம். சம்மன் கிடைத்த வாரத்திலேயே, உடனடி மேலதிகாரி வழியாக. அதில் இருக்க வேண்டியவை: எந்த நீதிமன்றம், வழக்கு எண், கடன் கொடுத்தவர் பெயர், வாங்கிய தேதி, தொகை, எதற்காக வாங்கியது, இதுவரை கட்டியது, பாக்கி, மாதம் எவ்வளவு கட்டித் தீர்க்க முடியும். மருத்துவச் செலவென்றால் டிஸ்சார்ஜ் சம்மரியும் பில்லும், வீடு இடிந்ததென்றால் அதற்கான சான்றும் இணைக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்ற குறிப்புக்கு இந்த இணைப்புகள்தான் பதில். நகலில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அந்த முத்திரை இல்லையென்றால் கடிதம் கொடுத்ததற்கு ஆதாரமே இல்லை.

பலர் பயப்படுவது சம்பளப் பிடித்தத்துக்கு. முழுச் சம்பளமும் போய்விடும் என்று நினைத்து, அதைத் தடுக்கக் கந்துவட்டிக்கு வாங்கி இன்னும் ஆழத்தில் விழுகிறார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவுப்படி, ஜீவனாம்ச டிகிரி தவிர மற்றவற்றில், விலக்குப் பெற்ற படிகளைக் கழித்த சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. அப்படிக் கழித்து வருவது 31,000 என்றால் மாதம் 10,000 மட்டுமே பிடிக்கலாம். ஒரே டிகிரிக்கு மொத்தம் 24 மாதம் பிடித்த பிறகு, அந்த டிகிரிக்காகச் சம்பளத்தில் மேலும் கைவைக்க முடியாது. கட்டாய வருங்கால வைப்பு நிதியிலும் ஜப்தி இல்லை. வட்டிக்காரர் இதையெல்லாம் உங்களிடம் சொல்லமாட்டார்.

கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை

‘சும்மா ஒரு செக்யூரிட்டிக்கு’ என்று நான்கு இலை வாங்கி வைத்துக்கொள்வார்கள். தொகையைக் கடன் கொடுத்தவர்தான் நிரப்பினார் என்று பிறகு வாதாடிப் பெரிய பயனில்லை. விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையும் கடனுக்காகக் கொடுத்ததாகவே அனுமானிக்கப்படும், அதை உடைப்பது காசோலை கொடுத்தவர் வேலை என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது.

மற்ற கடன் வழக்குகள் உரிமையியல், கணக்கில் பணமில்லாமல் காசோலை திரும்பினால் வரும் வழக்கு குற்றவியல். செலாவணி முறிச் சட்டம் 138-ஆவது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். இது ஜாமீனில் வரக்கூடிய குற்றம்தான். ஆனால் வாய்தாவுக்குப் போகாமலிருந்தால் பிடியாணை வரும். காவலில் 48 மணி நேரத்தைத் தாண்டினால், மத்திய அரசு ஊழியர் தானாகவே சஸ்பெண்ட் ஆனதாகக் கருதப்படுவார். தண்டனை உறுதியானால், அரசியலமைப்பின் 311(2) பிரிவின் விலக்கைக் காட்டித் துறை விசாரணையே இல்லாமல் நீக்கவும் வழியிருக்கிறது.

ஆகவே வக்கீல் நோட்டீஸ் வந்த நாளிலிருந்து 15 நாள் என்பதை காலண்டரில் குறியுங்கள். அதற்குள் காசோலைத் தொகையைக் கட்டினால் குற்றமே உருவாகாது. முடியாவிட்டால், தீர்ப்புக்கு முன்பே பேசிச் சமரசம் பதிவு செய்யுங்கள். 147-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. கடன் தீர்ந்ததும் நோட்டையும் காசோலைகளையும் கையில் வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

ஏடிஎம் கார்டை வட்டிக்காரரிடம் ஒப்படைப்பது

கூடாது. கொடுத்திருந்தால் இன்றே பிளாக் செய்யுங்கள்.

வேலையாக வருபவரிடம் கைமாற்று

ஒப்பந்தக்காரர், பட்டா கேட்டு வருபவர், உரிமம் புதுப்பிக்க வருபவர். வட்டியில்லாமல் கொடுத்தாலும், திருப்பிக் கட்டினாலும், உங்கள் அதிகார எல்லைக்குள் இருப்பவரிடம் வாங்கியதே விதிமீறல். லஞ்சப் புகாராக மாறவும் ஒரு மனு போதும்.

மஞ்சள் கடுதாசி கொடுத்தால் எல்லாம் முடிந்தது என்று நம்புவது

மஞ்சள் கடுதாசி, ஐ.பி. என்பதெல்லாம் நொடிப்பு மனுதான். அதற்குச் சென்னையில் 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற மாவட்டங்களில் 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம். ஐ.பி. மனு போடுவது எளிது. 500 ரூபாய்க் கடன் இருந்தாலே போடலாம் என்று 1920 சட்டம் இன்னும் சொல்கிறது. ஆனால் அந்த மனுவும் நொடிப்பு வழக்குதான். 17-ஆவது விதிப்படி அதையும் உடனே தெரிவிக்க வேண்டும். மனுவுக்கு முன்னால் வீட்டை மனைவி பெயருக்கு எழுதிவைப்பதும் வழக்கம். உண்மையான கிரயமாக இல்லாதவற்றை, நொடிப்பு மனுவுக்கு முந்தைய இரண்டு வருடக் காலத்தில் நடந்திருந்தால், நீதிமன்றம் ரத்து செய்யலாம். சொத்தை மறைத்தது தெரிந்தால் அதற்குத் தனி வழக்கு, சிறைத் தண்டனை. வேலையில் இருப்பவருக்கு இது கடைசி வழி. பெரும்பாலோருக்கு 24 மாதச் சம்பளப் பிடித்தமே இதைவிடப் பாதுகாப்பானது.

ஜாமீன் கையெழுத்து

உங்கள் கடனாகவே எண்ணிப் போடுங்கள். வாங்கியவரை விட்டுவிட்டு நேராக உங்களிடம் வரக் கடன் கொடுத்தவருக்கு உரிமை உண்டு.

வங்கி வேலை கிடைத்த பிறகு சிபில் (கடன் வரலாற்று அறிக்கை) பார்ப்பது

படிக்கும் காலத்துக் கிரெடிட் கார்டு பாக்கியும் ஆப் கடனும் இங்கே வந்து நிற்கின்றன. வங்கிகளுக்கு ஆள்தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் அறிவிப்பில், சேரும் நாளுக்குள் சிபில் நிலையைச் சரிசெய்ய வேண்டும், அல்லது பாக்கி இல்லை என்று கடன் கொடுத்தவரிடம் தடையின்மைச் சான்று கொண்டுவர வேண்டும், தவறினால் நியமனம் ரத்தாகலாம் என்றே இருக்கிறது. ஸ்டேட் வங்கி இன்னும் கறார். கடன்களையெல்லாம் முடித்துவிட்டேன் என்று வாதிட்டவரின் நியமன ரத்தை 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் சரியென்றே சொன்னது. பழைய தவணை தவறிய பதிவே போதுமானதாகிவிட்டது. விண்ணப்பிக்கும் முன்பே அறிக்கையை எடுங்கள், வருடம் ஒருமுறை இலவசம். ‘செட்டில்ட்’ என்றிருந்தால் மீதியைக் கட்டி ‘க்ளோஸ்ட்’ ஆக்குங்கள்.

வசூல் ஆட்களுக்குப் பயந்து ராஜினாமா

அலுவலகத்துக்கே வந்து கத்துவோம் என்பார்கள். வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது: காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் பாக்கிக்காக அழைக்கக் கூடாது, உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்யக் கூடாது. அழைப்பு நேரங்களைக் குறித்துவைத்து முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம். கந்துவட்டிக்காரர் என்றால் 2003-ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தின் கீழ் காவல் நிலையத்தில். மத்திய அரசின் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் ராஜினாமா செய்தால் முந்தைய பணிக்காலம் முழுவதும் பறிபோகும். சம்பளமும் நின்றுவிடும், கடன் மட்டும் அப்படியே இருக்கும்.