தரை வீட்டுக் கூரைக்கு எதைப் போடலாம்? முதலில் ரசமட்டத்தை எடுங்கள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் இருக்கும்வரை கூரை என்பது நகர மன்றத்தின் தலைவலி. சொந்தக் கூரையுள்ள தரை வீட்டுக்கு மாறியவர்கள்தான் முதல் டிசம்பர் மழையிலேயே வாளி தேடுவார்கள். நாங்களும் தேடினோம். ஓடா, தகரமா என்று ஆறு மாதம் குழம்பிக் கற்றுக்கொண்டதை, புதிதாக இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: ஒழுகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

வந்து பார்த்த முதல் காண்ட்ராக்டர் வாசலில் நின்றபடியே அண்ணாந்து பார்த்துவிட்டு, "மொத்தக் கூரையையும் மாத்தணும்" என்றார். நான் டார்ச்சோடு உள்கூரைத் திறப்பு வழியாகத் தலையை நுழைத்துப் பார்த்தேன். ஓடுகளில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டோடு சேரும் பொதுச்சுவரில், ஓடும் சுவரும் முட்டும் இடத்துச் சிமெண்டுப் பூச்சில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதற்குக் கீழே மரத்தில் கறுப்பாக நீர்த்தாரை. ஒரே நாள் வேலையில் சரியானது.

பல வீடுகளில் ஒழுகுவது ஓடு அல்ல, ஓட்டின் விளிம்பு. முகடு, சுவர் ஓரம், ஆணித்துளை ஆகியவற்றை முதலில் பாருங்கள். உள்ளிருந்து பார்ப்பதோடு நில்லுங்கள், மேலே ஏறாதீர்கள். மூன்று மீட்டருக்கு மேல் விழும் அபாயமுள்ள இடத்தில் வேலை செய்யத் தொழிலாளர்களுக்கே இங்கு அனுமதிச்சீட்டு முறை உண்டு.

படி 2: சரிவை அளங்கள்

மூன்று வருடம் கழித்துக் ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களைக் கரையான் தின்றபோதுதான் கூரையை நிஜமாகவே மாற்றினோம். அப்போது கடைக்காரர் ஓட்டு மாதிரிகளைப் பரப்புவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, "சரிவு எவ்வளவு?"

ஒரு மீட்டர் நீளக் குச்சியின் ஒரு முனையைக் கைமரத்தில் (கூரையைத் தாங்கும் சாய்ந்த மரத்தில்) வையுங்கள். ரசமட்டத்தை (கிடைமட்டம் காட்டும் கருவி) வைத்துக் குச்சியைக் கிடையாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் கைமரத்துக்கும் உள்ள செங்குத்து இடைவெளியை டேப்பால் அளங்கள். 58 செ.மீ. என்றால் 30 பாகை. ஓடு தாராளமாகப் போடலாம். 30 செ.மீ.க்கும் குறைவு என்றால் பல ஓடுகளுக்கு அந்தச் சரிவு போதாது. காற்றோடு சாரல் அடிக்கும்போது நீர் ஓட்டின் இடுக்கில் பின்னோக்கி ஏறிவிடும். 9 செ.மீ. அளவுதான் என்றால் உலோகத் தகடுதான் வழி. ஆண்டுக்கு 2,100 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. விடியற்காலையில் மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வேகத்தில் சுமத்ராத் தீவுப் பக்கமிருந்து மழையோடு வீசும் சுமத்ரா காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: எடைக் கணக்கு

சுட்ட மண் ஓடும் கான்கிரீட் ஓடும் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 40 முதல் 50 கிலோ. அரை மில்லிமீட்டர் எஃகுத் தகடு சுமார் 5 கிலோ. நூறு சதுர மீட்டர் கூரையில் இந்த வித்தியாசம் நான்கு டன். தகடு இருந்த சட்டத்தின் மேல் ஓடு ஏற்ற ஆசைப்பட்டால், பதிவுபெற்ற பொறியாளரைக் கேட்காமல் ஓர் ஓடுகூட வாங்காதீர்கள்.

படி 4: எது யாருக்கு?

சுட்ட மண் ஓடு நிறம் மங்காது, அழகு. பாசி பிடிக்கும், உடைந்தால் மாற்றலாம். லிட்டில் இந்தியா போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதியில் கடைவீடு வைத்திருப்பவர்களுக்கு ஓட்டின் வடிவத்தையும் நிறத்தையும் நகரச் சீரமைப்பு ஆணையத்தின் விதிகளே சொல்லிவிடும். கேட்காமல் மாற்ற முடியாது. கான்கிரீட் ஓடு விலை குறைவு. மேற்பூச்சு வெளுத்துப்போகும், அவ்வளவுதான்.

தகட்டைப் பற்றிப் பேச்செடுத்ததும் என் அம்மா, "தகரக் கொட்டாயா போடப் போறே?" என்றார். கோபம் நியாயம்தான், அவர் வளர்ந்த வீட்டில் மழை பெய்தால் வானொலி கேட்காது. இப்போது அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய எஃகுத் தகடு வருகிறது. அதன் அடியில் ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) அடைத்தால் சத்தமும் சூடும் நன்றாகவே குறையும். அதைக் கஞ்சத்தனப்பட்டு விட்டுவிட்டால் அம்மா சொன்னதுதான் நடக்கும். வெளிர் நிறமாக எடுங்கள்.

சூரியத் தகடு வைக்கும் எண்ணம் இருந்தால் மடிப்பு மூட்டுள்ள உலோகக் கூரை வசதி; துளை போடாமல் மடிப்பிலேயே கவ்வி மாட்டலாம். சூரியத் தகடுகள் இருபத்தைந்து வருடம் உழைக்கும். அதற்கு முன்பே தேய்ந்துபோகும் கூரையின் மேல் அவற்றை ஏற்றினால் இரட்டைச் செலவு.

கார் நிறுத்துமிடத்துக்குப் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் தகடு போதும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சுள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். ஒட்டியிருக்கும் படலத்தில் எழுதியிருக்கும். தலைகீழாக மாட்டினால் சீக்கிரமே மஞ்சளாகிவிடும்.

படி 5: பழைய வீடா? நிறுத்துங்கள்

1991க்கு முன் கட்டிய வீட்டில் அலையலையாகச் சாம்பல் நிறத் தகடு இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உடைக்காதீர்கள், துளை போடாதீர்கள். முதலில் தகுதி பெற்றவர் சோதிக்க வேண்டும்.

படி 6: விலைப்பட்டியலில் என்ன இருக்க வேண்டும்

சாரம், பழைய ஓட்டை அகற்றும் செலவு, ராக்வூலின் தடிமன், திருகாணியின் தரம், பொதுச்சுவர் ஓரத்து ஃபிளாஷிங் (இடுக்கில் நீர் இறங்காமல் மூடும் பட்டை), எல்லாமே தனித்தனி வரியாக வேண்டும். பக்கத்து வீட்டுக் கூரையோடு எப்படி இணைப்பார்கள் என்று படம் வரைந்து காட்டச் சொல்லுங்கள். உத்தரவாதம் நிறத்துக்கா, ஒழுகலுக்கா என்றும் கேளுங்கள். வேலையைப் பிப்ரவரியில் வையுங்கள். சராசரியாக மழை குறைந்த மாதம் அதுதான்.

படி 7: பணம் முழுதும் கொடுப்பதற்கு முன்

ரப்பர் குழாயால் கூரையின் கீழ் விளிம்பான இறவாரத்திலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல முகடு வரை நீர் அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எங்கே ஒழுகுகிறது என்றே தெரியாது. நீங்கள் டார்ச்சோடு உள்ளே இருங்கள். எங்கள் வீட்டில் மூன்றாவது இடத்திலேயே ஒரு சொட்டு விழுந்தது. ரப்பர் வளையம் இல்லாத ஒரே ஒரு திருகாணி.